சவரி எழுந்து நிற்கும் இடம்

ஜெசிந்தா அக்கா ஓரிடத்தில் உட்கார்ந்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. ஒத்திகைக்கு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுவார். அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விரலில் ஸ்கூட்டிச் சாவி. வசனம் இழுத்தால் சாவி சுழலும், சரியாக விழுந்தால் நின்றுவிடும். எங்கள் இளைஞர் குழுவில் நடிக்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், சாவியைத்தான் பார்ப்பார்கள்.

வில்லியனூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவருக்கு வேலை. டோக்கன் கொடுத்து, வரிசைப்படி பெயர் கூப்பிடுவது. பகலெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யார் யாருடைய பெயரையோ மைக்கில் சொல்லிவிட்டு, மாலையில் கரும்பு லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து நுழைத்து ஊருக்கு வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயில் வளாகத்துக்கு வருவார். முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா அருள்சாமி குத்தகை நிலத்தில் நெல் வைக்கிறவர். அம்மா போய் வெகுகாலம். வீட்டில் இரண்டு பேர்தான். ஆனாலும் அந்த வீட்டில் எப்போதும் ஒரு பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காலம்காலமாக ஒரே நாடகம்தான். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுதியது. பெயர் என்னவோ நீளமாக இருக்கும், ஊரில் எல்லோருக்கும் அது குடை நாடகம். பிலோமினா, சவரி என்று இரண்டு பேர். கண்ட இடத்திலெல்லாம் சண்டை போடுகிறவர்கள். ஒரு மழைநாளில் ஒரே குடைக்கு அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் பிலோமினா குடையை அவனிடமே கொடுத்துவிட்டு நனைந்தபடி போகிறாள். அவள் அப்பா அதற்குள் பாகூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிடுகிறார். கோயிலில் முதல் ஓலை, இரண்டாம் ஓலை படிக்கிறார்கள். சவரி தனக்கொன்றும் இல்லை என்பதுபோல் திரிகிறான். மூன்றாம் ஓலை படித்து, தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்கும்போது அவன் எழுந்து நிற்கிறான். 'தடை இருக்கு சாமி. அந்தப் பொண்ணு குடை எங்கிட்ட இருக்கு.' அந்த வசனத்துக்குச் சிரிக்காத திருவிழா கிடையாது. எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் சிரிப்பார்கள்.

ஓலை என்றால் எங்கள் கிறிஸ்தவப் பங்குகளில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில் பெண், மாப்பிள்ளை பெயரையும் பெற்றவர்கள் பெயரையும் உபதேசியார் சத்தமாகப் படிப்பார். இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார். யாரும் சொல்வதில்லை. ஓலையென்று பெயர்தானே தவிர, இப்போது படிப்பது கம்ப்யூட்டரில் அடித்த காகிதம்.

இந்த வருஷம் பங்குச் சாமியார், தேர் சீக்கிரம் கிளம்ப வேண்டும், நாடகத்துக்கு நாற்பது நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டார். இரண்டரை மணி நேர நாடகம். உச்சக்கட்டம் எதுவோ அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஒரு வாக்கியம்தான். எங்களுக்கு மூன்று நாள் சண்டை ஆனது.

பிலோமினாவாக நடிக்கிற மரிய சுகந்திக்கு உச்சம் கிணற்றடிப் பாட்டு, ஏனென்றால் அவள் பாடுவது. அப்பாவாக நடிக்கிற தமிழ்க்குமரனுக்கு, அப்பா சேற்றில் வழுக்கி விழும் இடம்தான் நாடகத்தின் உயிர். தான் விழுந்த வருஷத்து வீடியோவைப் போனில் எடுத்து ஒவ்வொருவரிடமும் காட்டினார். சவரியாக நடிக்கிற அருண் சேவியர் வெல்டிங் பட்டறைக்காரன், அதிகம் பேசமாட்டான். அவன் மட்டும், குடை வசனம் இல்லாமல் நாடகம் எப்படி என்று ஒருமுறை கேட்டான்.

அக்கா சாவியைச் சுழற்றிக்கொண்டே, மழைக் காட்சியோடு நாடகத்தை முடித்துவிடலாம் என்றார்.

"குடையக் குடுத்துட்டு நனைஞ்சிக்கினே போறா பாரு, அங்கியே எல்லாம் முடிஞ்சி போச்சி. அதுக்கப்புறம் அவன் எழுந்து நின்னா இன்னா, நிக்காட்டி இன்னா?"

நன்றாகத்தான் இருந்தது. மழைக் காட்சிக்கு லியோ பிரகாஷ் நீல விளக்கு போட்டு, பின்னால் தகரத்தை அடித்து இடி வைப்பார். கரிக்கலாம்பாக்கத்தில் மைக் செட், லைட் கடை வைத்திருப்பவர். சில வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அக்காவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தன் கைவேலை முழுக்கத் தெரிகிற காட்சி அது ஒன்றுதான் என்பதால் அவரும் சரியென்பார் என்று நினைத்தோம். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"முடிஞ்சி போச்சின்னு அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். ஊருக்கு எப்ப தெரியறது? ரெண்டு பேரு மட்டும் சிரிச்சிக்கினா அது காமெடியா?"

"ஊருக்கு இன்னாத்துக்குங்க தெரியணும்?" என்றார் அக்கா.

சாவி நின்றிருந்தது. லியோ அண்ணன் ஒயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவர்கள் இரண்டு பேரும் நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எங்களில் சிலருக்குப் புரிந்தது.

விஷயம் இதுதான். லியோ அண்ணனின் அம்மா ஒரு மாதத்துக்கு முன் அருள்சாமி வீட்டுக்கு வந்து பெண் கேட்டிருந்தார். அக்காவுக்குச் சம்மதம். ஆனால் ஓலை வாசிக்கக் கூடாது, வாசிக்காமல் கட்டிவைக்க மறைமாவட்ட ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். லியோ அண்ணன் எப்படியானாலும் சரி என்றார். அவர் அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என் பிள்ளை என்ன திருட்டுத்தனமாகவா கட்டப் போகிறான் என்று கேட்டாராம். அனுமதிக்குக் காரணம் எழுத வேண்டும், திருவிழாக் கொடியிறக்கத்துக்குள் முடிவு சொல்லு என்று சாமியார் அக்காவிடம் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் சாமியாருக்கும் மட்டும் தெரிந்த சேதி, எங்கள் காதுக்கும் எப்படியோ வந்திருந்தது. வெளியே யாரும் பேசவில்லை.

காரணம் என்ன எழுதுவது? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான், எழுதத்தான் முடியாது.

பத்து வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஏம்பலத்தில் ஒரு மாப்பிள்ளை நிச்சயமானது. முதல் ஓலை படித்தார்கள். இரண்டாவதும் படித்தார்கள். அந்த வாரத்தில், அக்காவின் அம்மாவுக்கு மூத்தவரான செல்லக்கண்ணுப் பெரியம்மா ஒரு மத்தியானம் உட்கார்ந்து முறை எண்ணிப் பார்த்தார். எங்கள் பக்கம் கல்யாணமென்றால் யாராவது ஒருவர் இப்படி எண்ணிப் பார்ப்பார். மாப்பிள்ளையின் அம்மாவைப் பெற்ற பாட்டி ஏம்பலத்துச் சூசையம்மாள். ஏம்பலத்துச் சூசையம்மாள் தன் அம்மாவுக்கு உடன்பிறந்த தங்கை. அப்படியானால் மாப்பிள்ளையின் அம்மா இவர்களுக்குத் தங்கை முறை, மாப்பிள்ளை ஜெசிந்தாவுக்கு அண்ணன் முறை. பெரியம்மா பதறிப்போனார். யாரையும் கேட்கவில்லை. கோயிலின் பின்பக்க வழியாகப் போய், உடைமாற்றும் அறையில் அப்போதிருந்த சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு உபதேசியார் இன்னாசிமுத்து ஓலை படித்தார். அன்றைக்கு மூன்று ஜோடி. மூன்றிலும் ஜெசிந்தா பெயர் இல்லை. காகிதத்தை மடித்துவிட்டார். அக்கா புதுப் புடவையில் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது, பிறகு பக்கத்து வரிசை. அக்கா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக எங்கள் அம்மாக்கள் சொல்வார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமானம். விசாரிக்கக்கூட நிற்காமல் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். அடுத்த தவக்காலத்தில் ஏம்பலத்தில் ஒரு சாவுக்குப் போன பெரியம்மா, ஒரே பாயில் இரண்டு சூசையம்மாள்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார். ஒருத்தி தன் சித்தி. இன்னொருத்திதான் அந்த மாப்பிள்ளையின் பாட்டி. அவள் அபிஷேகப்பாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், இவர்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரே ஊர், ஒரே ஞானஸ்நானப் பெயர், ஏறக்குறைய ஒரே வயது. பெரியம்மா அங்கே அழுத அழுகை செத்தவருக்கானது இல்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகும் பெரியம்மா அக்கா வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். குழம்பு கொண்டுவருவார், அருள்சாமியைத் திட்டுவார், அக்காவுக்குத் தலையில் எண்ணெய் வைப்பார். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து இன்னாசிமுத்து காகிதத்தை எடுக்கும்போது அக்கா எழுந்து வெளியே போய்விடுவார். மறைக்கல்விப் பிள்ளைகள் இறைத்துப் போட்டிருக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். கோயில் வாசலில் செருப்புகள் அவ்வளவு ஒழுங்காக இருக்கும் ஊர் வேறெதுவும் இருக்காது.

கடைசியில் அக்கா சொன்னபடியே மழையோடு முடிகிற நாடகத்தைத்தான் ஒத்திகை பார்த்தோம். முப்பத்தெட்டு நிமிஷம் வந்தது. சுகந்தி குடையைக் கொடுத்தாள், நனைந்தபடி போனாள், நீல விளக்கு அணைந்தது. எங்களுக்கே, தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கிப் பாதியில் நிறுத்தியதுபோல் இருந்தது. செல்லக்கண்ணுப் பெரியம்மா தினமும் போல அன்றைக்கும் ஒத்திகைக்குச் சுண்டல் கொண்டுவந்திருந்தார். விளக்கு அணைந்த பிறகும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்புறம்?"

அவ்வளவுதான் என்றான் யாரோ.

"ஓல எங்கடி? ஓல படிக்காம எப்பிடிடி கல்யாணம்?"

வெள்ளந்தியாகத்தான் கேட்டார். சட்டென்று எல்லோரும் கையில் கிடைத்ததைச் சரிசெய்ய ஆரம்பித்தோம். அக்கா நாற்காலியின் முதுகை விடாமல் சொன்னார்.

"எனுக்குப் படிச்சதே போதும் பெரிம்மா."

பத்து வருஷத்தில் முதல் தடவை. பெரியம்மா எழுந்தார். வாளியை மூடினார், மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினார். யாருக்கும் சுண்டல் கொடுக்காமல் போய்விட்டார். மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வராத அந்த நாட்களில் அக்கா இன்னும் மோசமானார். சுகந்தி வலதுபக்கம் போனால் இடது என்பார், இடதுபக்கம் போனால் ஏன் அந்தப் பக்கம் போகிறாய் என்பார். ஒருநாள் எதையும் சொல்லாமல், அந்தப் பக்கம் மெழுகுவர்த்தித் தண்டு துடைத்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டார். நாடகத்திலும் உபதேசியார் அவர்தான். வேறு யார் படித்தாலும் ஊர் ஒப்பாது. மூன்றாம் ஓலைக் காட்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும், சும்மா படித்துக் காட்டுங்கள் என்றார் அக்கா.

இன்னாசிமுத்துவுக்கு ஒரே குரல்தான். கோயிலானாலும் மேடையானாலும் அதே மூக்கடைத்த, தாழ்ந்த குரல். பிலோமினா பெயர், அவள் அப்பன் பெயர், பாகூர் மாப்பிள்ளை பெயர் எல்லாம் படித்துவிட்டு, இவர்களுக்குள் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, வழக்கம்போல இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை பார்த்தார். அருண் சேவியர் துள்ளி எழுந்தான்.

"உக்காரு," என்றார் அக்கா. "ஒடனே எழுந்துக்காத."

"எப்பத்தான்க்கா எழுந்துக்கறது?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. இன்னாசிமுத்து பார்த்த இடத்தையே பார்த்தார். காலி மைதானம். இரண்டு ஆடுகள்.

"ஜனங்க பயப்படற வரைக்கும். நான் கையத் தூக்கிக்கினு நிப்பேன், எறக்குனா எழுந்துக்க." எங்கள் பக்கம் திரும்பினார். "பாட்ட வெட்டிடு. சேத்துல வுழறத வெட்டிடு. இது இருக்கட்டும். நீ சொல்ற டயலாக் ஒண்ணும் பெரிசில்ல அருணு. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லாத எடம் ஒண்ணு இருக்குது பாரு, அதான்."

தமிழ்க்குமரன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. லியோ அண்ணன் அந்தக் காட்சிக்கு என்ன விளக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஒன்றும் வேண்டாம், எல்லாருக்கும் எல்லாரும் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றார் அக்கா. சாமியாருக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. நாடகத்தில் ஓலை வந்துவிட்டது, அக்காவின் ஓலை அப்படியே நின்றிருந்தது.

திருவிழா மாலை. வெயில் முழுக்க இறங்கவில்லை. தேர் ஒருபக்கம் பூக்கட்டி நிற்க, இன்னொரு பக்கம் மேடை. மழைக் காட்சிக்குப் பகலில் நீல விளக்கு எடுபடவில்லை, தகரம் மட்டும் முழங்கியது. அக்கா மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்றார். நின்றார் என்பது கூடச் சரியில்லை. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் ஓலை. இன்னாசிமுத்து அங்கியோடு வந்து காகிதத்தைப் பிரித்தார். குரல் மைக்கில் விழுந்ததும், நாங்கள் ஒருவரும் எதிர்பார்க்காதது நடந்தது. முன்னால் இருந்த பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். நின்றிருந்த ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். ஐஸ் வண்டிக்காரன் மணியை நிறுத்தினான். அந்தக் குரல் கேட்டால் அடங்கிப் பழகிய ஊர். நாடகம் என்பதை மறந்து ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது.

தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, இடதும் வலதும் பார்த்தார்.

அருண் சேவியர் அக்காவின் கையைப் பார்த்தான். கை தூக்கியபடி இருந்தது, இறங்கவில்லை. பயப்படும் நேரம் ஆயிற்று, அதுவும் கடந்தது. ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் லியோ அண்ணன் குமிழில் கையை வைத்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காட்சியை நீட்டுகிறாரா, கையை இறக்க முடியாமல் நிற்கிறாரா, எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து செல்லக்கண்ணுப் பெரியம்மா எழுந்தார். பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர, மெதுவாக எழுந்தார். தலையில் முந்தானை.

"தட ஒண்ணும் இல்ல," என்றார் இன்னாசிமுத்துவைப் பார்த்து. "நான் நல்லா எண்ணிப் பாத்துட்டேன். கரிக்கலாம்பாக்கத்துக்கே போயி, அவுங்க வூட்டு ஆளுங்கள ஒவ்வொருத்தரா பேரு கேட்டுட்டு வந்துட்டேன். அந்தப் பையனுக்கும் எங்க ஜெசிக்கும் முறை சரியாத்தான் இருக்குது. தாராளமா கட்டிக்கலாம்."

ஒலிப்பெட்டி நீளமாக ஒரு ஊளையிட்டது. லியோ அண்ணன் கை எந்தக் குமிழில் பட்டதோ.

உபதேசியாருக்கு இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் எழுந்து சொன்னதில்லை. இருந்தாலும் மேடைமேல் நின்றபடி, கோயிலில் சொல்வதுபோலவே, "சரிம்மா, உக்காரு," என்றார். பெரியம்மா உட்கார்ந்தார். அந்த ஊளையில் அக்காவின் கை தானாக இறங்கியிருந்தது. அதைப் பார்த்த அருண் சேவியர், என்ன நடந்தது என்று தெரியாமலே, சொல்லிக்கொடுத்தபடி எழுந்து நின்றான்.

"தடை இருக்கு சாமி. அந்தப் பொண்ணு குடை எங்கிட்ட இருக்கு."

அந்தச் சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாது. தலையில் முந்தானையோடு சிரித்தார்கள். தமிழ்க்குமரன் ஒரு வாரக் கோபத்தை விட்டுவிட்டு மேடையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிலர் லியோ அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் தட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அருள்சாமி மட்டும் சிரிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டிக்குப் பின்னால் அக்கா தலைகீழாகக் கவிழ்த்திருந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்திருந்தார். சிரித்தாரா, அழுதாரா என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. சாவி தரையில் கிடந்தது.

நாடகம் முடிந்து தேருக்கு ஆட்கள் நகர்ந்தபோது பெரியம்மா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"மானத்த வாங்கிட்டியே பெரிம்மா."

"அன்னைக்குப் பின்பக்கமா போயி சொன்னேன்டி. இன்னைக்கு முன்பக்கமா நின்னு சொல்லிட்டேன்." தூக்குவாளியை மறு கைக்கு மாற்றினார். "சரியா போச்சா?"

"தெரியல," என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கீழே குனிந்து சாவியை எடுத்தார். பெரியம்மாவின் கையிலிருந்த வாளியையும் வாங்கிக்கொண்டார். உள்ளே சுண்டல் இருந்தது.

கொடியிறக்கத்தன்று அக்கா சாமியாரைப் பார்த்தார். அனுமதி வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு இன்னாசிமுத்து காகிதத்தை எடுத்தபோது அக்கா பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். பெரியம்மா கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் சும்மா இருந்தார். அக்கா அவராகவே உட்கார்ந்தார். ஜெசிந்தா மேரி என்ற பெயர் அந்த மூக்கடைத்த குரலில் வந்தது, அதன் பின்னால் லியோ பிரகாஷ் வந்தது. பிறகு இடது பக்கம், வலது பக்கம். அந்த ஒன்றும் இல்லாத இடம். அக்காவின் விரலில் சாவி சுழன்று சுழன்று வளையம் உரசும் சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெறும் இருமல்தான்.

வெளியே செருப்புகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். லியோ அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பேச என்ன இருக்கிறது என்று தெரியாமல், கடைசியில் அதையே கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க, எதுதான் க்ளைமாக்ஸு?"

அக்கா ஒரு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், இன்னொன்று கிடைக்கவில்லை.

"இன்னும் ரெண்டு ஓல இருக்குது," என்றார். "அப்புறமா கேளுங்க."